அண்ணனைப் புகையாக்கிய ஃபில்டர்

இன்று ஒகேனக்கல்லில் படத்தில் அருவி பட்டுத்துணி போல விழ வேண்டும் என்று லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் மாட்டியிருந்தேன். அதனால் ஒரு படம் பதிய இருபது நொடி ஆகும்.

பரிசல் ஓட்டும் மாதையன் அண்ணன் வந்தார். "பெங்களூர்ல இருக்குற பொண்ணுக்கு அனுப்பணும், என்னைய ஒண்ணு எடுங்க."

"இருபது நொடி அசையாம நில்லுங்கண்ணா."

தலையாட்டினார். ஐந்தாவது நொடியில் போன் அடித்தது. பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

படத்தில் அருவி அற்புதம். அண்ணன் வெறும் புகை.

"என்னங்க இது, உசுரோட இருக்குறவன ஆவியாக்கிட்டீங்க! புள்ள பாத்தா பயந்துக்கும். அந்தக் கறுப்புக் கண்ணாடிய மொதல்ல கழட்டுங்க."

திருகினேன். அசையவே இல்லை.

பொறுமையிழந்து அவரே செல்ஃபி எடுத்து அனுப்பினார். மகளின் பதிலை என்னிடமே காட்டினார்:

"பின்னாடி கேமராவோட மல்லுக்கட்டுறது யாருப்பா, பாவம்?"

ஃபில்டர் இன்னும் கழலவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செல்ஃபி எடுக்கச் சொல்பவர்களை பிளாக் செய்வேன்.