அம்மா தண்ணீர் ஊற்றிய கோதுமை

1960-ஆம் வருடம் தவக்காலம் தொடங்கியபோது, அம்மாவின் வயிற்றுக் கட்டிக்கு இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா முன்பே போய்விட்டார். நான் ஒரே மகள். டில்லியில் கோதுமை பற்றி டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நான், சில மாதங்களுக்கு முன்புதான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தேன்.

வெயிலையும் வறட்சியையும் எந்த ரகம் தாங்கும் என்பதே என் ஆராய்ச்சி. கோதுமை பனிக்காலப் பயிர். புதுச்சேரி வெயில் அதற்குக் கடும் பரீட்சை என்று பேராசிரியர் பல ரக விதைகளைக் கொடுத்தனுப்பினார். ஊருக்கு வந்ததுமே கொல்லையில் தொட்டிகளில் விதைத்து, கதிர் வரும் சமயத்தில் ஒரு வரிசைக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டு மேரியக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "செடியைக் காயப்போடறதுக்கா டில்லி வரைக்கும் போய்ப் படிச்ச?" என்று கேட்டார். அம்மாவும் சிரித்தாள்.

ஜெபத்தையும் எண் போட்டுக் கேட்கிறவள் நான். முதலாவது, அம்மாவின் உயிர். இரண்டாவது, அவள் வலி குறைய வேண்டும். மூன்றாவது, இந்த ஆராய்ச்சி.

ஒரு காலை பூசை முடிந்து வந்தபோது, காய வேண்டிய தொட்டிகளில் மண் ஈரமாக இருந்தது. படுக்கையைவிட்டு எழவே முடியாத அம்மா, சுவரைப் பிடித்தபடி சொம்போடு நின்றாள்.

"தண்ணி தண்ணின்னு கேக்கற மாதிரி இருந்துச்சி பாப்பா. மனசு கேக்கல."

சொம்பை வாங்கி வைத்துவிட்டு, ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் கஞ்சியைத் தொடவில்லை. படிப்பைக் கெடுத்துவிட்டேனா என்று கேட்டபடியே இருந்தாள். கெட்டுத்தான் போயிருந்தது. மறுபடி விதைக்கப் பருவமும் இல்லை, விதையும் இல்லை. பொய் சொன்னால் என் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

கோவிலில் முழங்காலிட்டு அழுதேன். ஆண்டவரே, அம்மாவிடம் சொல்ல ஓர் உண்மையான வார்த்தை கொடும் என்று மட்டும் கேட்டேன்.

சில நாளில், அந்த வரிசையில் ஒரே ஒரு ரகம் சுருண்ட இலையை விரித்தது. அடியில் புதுக் குருத்து. மற்ற ரகங்கள் அதே தண்ணீரைக் குடித்தும் பிழைக்கவில்லை. எது வாடாமல் நிற்கும் என்றுதான் அதுவரை பார்த்திருந்தேன். வாடியபின் எது எழும் என்று கேட்கத் தோன்றவே இல்லை. மழை தாமதமாகும் நிலத்துக்கு அதுவல்லவா தேவை?

தொட்டியைக் கட்டிலருகே தூக்கிப் போனேன்.

"கெடுக்கலம்மா. நீ ஊத்துனதாலதான் இது எனக்குத் தெரிஞ்சிது."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இலையைத் தொட்டாள்.

"அப்ப கஞ்சி குடு."

பெரிய வெள்ளிக்கு முன்பே போய்விட்டாள். வலி கடைசிவரை விடவில்லை. காய்ந்த பயிர் எழுந்தது, அம்மா எழவில்லை. ஏன் என்று ஆண்டவரிடம் இன்றும் கேட்கிறேன். வாடியபின் எது எழும் என்ற அந்தப் புதுக் கேள்வியையே தொடரச் சொன்னார் பேராசிரியர். மறு பருவத்தில் முறைப்படி விதைத்தேன். இப்போது ஒவ்வொரு விதைப்புக்கும் முன் ஜெபிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அவர் உயிருக்காகக் கேளுங்கள். கூடவே, அவரிடம் மறைக்காமல் சொல்ல ஒரு நல்ல வார்த்தையையும் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். என் அம்மா மனபாரம் இல்லாமல் கண் மூடினாள். அதற்காக, அழுதுகொண்டே, அவருக்கு நன்றி சொல்கிறேன்.