ஒரு கரண்டிக் கோதுமை

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். நான் நான்காவது மாடி. எனக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில் வுகாஷின். அவர் சமையலறை ஜன்னலிலிருந்து கிளம்பும் ஆவி என் ஜன்னலைத் தாண்டித்தான் வானத்துக்குப் போகவேண்டும். வாரத்தில் ஆறு நாள் அவர் மனைவி லியுபின்கா சமைப்பாள். அந்த ஆறு நாளும் எனக்குச் செய்தி ஒன்றும் கிடையாது. வியாழக்கிழமை வுகாஷின் அடுப்படிக்கு வந்துவிடுவார். அன்றைக்கு மேலேறி வருகிற வாசனை ஒரு வாரம் எத்தியோப்பியா, ஒரு வாரம் கொரியா, ஒரு வாரம் எனக்குப் பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு தீவு.

ஆள் எங்கள் வல்யெவோ நகரத்தில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். வயது ஐம்பத்து மூன்று. தூர தேசத்துக்கெல்லாம் போனவர் இல்லை. ஒரே ஒரு முறை சுற்றுலா பஸ்ஸில் தெசலோனிக்கிக்குப் போனார். மற்றவர்கள் கடலைப் பார்க்க ஓடினார்கள், இவர் மீன் சந்தையில் மூன்று மணி நேரம் நின்றார். பஸ் இவருக்காகக் காத்திருந்தது. அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆனால் மீட்டர் பார்க்கிறவருக்கு ஊரில் எல்லாச் சமையலறையும் திறக்கும். மீட்டர் பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேதான் இருக்கும். புதிதாகக் குடிவந்த ரஷ்யர்கள், கட்டட வேலைக்கு வந்து ஒரே வீட்டில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் நேபாளிகள், ஜார்ஜியாவிலிருந்து கல்யாணமாகி வந்த மருந்துக்கடைப் பெண் என்று யார் வீடானாலும், குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டே "அடுப்புல என்னம்மா?" என்று கேட்பார். கேட்ட விதத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும், ஒரு தட்டு வரும். சாப்பிடும்போது பேசமாட்டார். முதல் வாய் உள்ளே போனதும் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். பிறகுதான் தீர்ப்பு. ஜார்ஜியாக்காரியின் பீன்ஸைச் சாப்பிட்டுவிட்டு, "இது வெந்தயம் இல்ல, வெந்தயத்தோட ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றாராம். அவள் அசந்துபோய் ஒரு பொட்டலம் பொடியைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

எனக்கு அவரைப் பிடிக்கும். கட்டடத்தில் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமுடியாது. நவம்பர் வந்தால் இங்கே வீட்டுக்கு ஒரு பீப்பாய் முட்டைகோஸ் புளிக்கிறது. வசந்தம் வரை படிக்கட்டில் மூக்கைப் பிடிக்காமல் நடக்கமுடியாது, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வுகாஷின் பால்கனியில் ஒரே ஒரு ஜாடியில் கொரியா முறைப்படி அதே முட்டைகோஸை மிளகாய் போட்டுப் புளிக்க வைத்தார். மறுநாளே குடியிருப்போர் கூட்டம் கூட்டிவிட்டார்கள். இவர் அந்த ஜாடியைக் கூட்டத்துக்கே தூக்கிவந்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, "நாத்தம்னு எழுதறதுக்கு முன்னாடி ருசியையும் எழுதிக்குங்க" என்றார். இரண்டு பேர் இரண்டாவது துண்டு கேட்டார்கள். அதோடு அந்தப் புகார் செத்தது.

கட்டடத்தைச் சமாளித்தவரால் அப்பாவைச் சமாளிக்க முடியவில்லை. அப்பா ஒப்ராட்டுக்கு எண்பத்தொரு வயது. ஊருக்கு மறுகோடியில் தனியாக இருக்கிறார். பன்றிக்கொழுப்பைப் புகையிலை மாதிரி நார்நாராக வறுத்தெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் அவர் சாப்பாடு என்று ஒப்புக்கொண்டதும் இல்லை.

பிரச்சினை ஸ்லாவாவில் வந்தது. குலசாமி மாதிரி, எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அவர் நாள்தான் ஸ்லாவா. ஒப்ராட் வீட்டுக்குப் புனித நிக்கோலா, டிசம்பர் பத்தொன்பது. அன்றைக்கு வெட்டிய ரொட்டியில் பாதியை அப்பா எந்த மகன் கையில் கொடுக்கிறாரோ, அடுத்த வருஷம் முதல் ஸ்லாவா அவன் வீட்டில். ஒப்ராட்டுக்கு மகன்கள் இரண்டு பேர். மூத்தவர் வுகாஷின். இளையவன் ராதோவான், தோட்டத்தோடு சொந்த வீடு உள்ளவன், பன்றி இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் தாண்டி ஒரு நாளும் யோசிக்காதவன்.

"இந்த வருஷம் உன் வீட்டுல வை. பாக்கறேன்," என்று ஒப்ராட் மூத்தவரிடம் சொல்லிவிட்டார். "மேசையில வெளிநாட்டு ஐட்டம் ஒண்ணு இருந்தாலும் ரொட்டி உன் தம்பிக்குத்தான். கண்டதையும் திங்கிறவனுக்கு எது நம்மளுதுன்னு எப்படிடா தெரியும்?"

இதை வுகாஷின் என்னிடம் சொன்னபோது முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. அவருக்கு அந்த ரொட்டி வேண்டும். அம்மா இருந்த வரைக்கும் அந்த நாளுக்கு அவர்தான் அம்மாவுக்குக் கையாள்.

"ஒரு நாள்தானே. மீனைப் பொரிங்க, பீன்ஸைச் சுட்டு வைங்க, வாயை மூடிக்கிட்டு இருங்க," என்றேன்.

"வெப்பேன்க்கா. அப்பா ஆயுசுல சாப்பிட்டிருக்காத பீன்ஸா வெப்பேன். நாலு ஊருச் சாப்பாடு தின்னவனுக்குத்தான் நம்ம பீன்ஸ்ல என்ன குறையுதுன்னு தெரியும்."

"அந்தத் தங்கச்சிப் பொடியை மட்டும் அதுல தூவித் தொலைச்சிடாதீங்க."

"உப்புகூட நம்ம ஊரு உப்புதான். போதுமா?"

சொன்னபடியே செய்தார். நிக்கோலா நாள் விரத காலத்தில் வரும், அதனால் இறைச்சி, பால், முட்டை கூடாது, மீன் உண்டு. பொரித்த கெண்டை, வெங்காயத்தோடு அடுப்பில் சுட்ட பீன்ஸ், அரிசி அடைத்த முட்டைகோஸ் இலை, சுட்ட மிளகாய், வால்நட் ரொட்டி எல்லாம் இருந்தன. காலையில் பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி ஒயின் ஊற்றிவிட்டுப் போனார். அதில் ஒரு பாதி வெள்ளைத் துணியில் சுற்றி ஒப்ராட் எதிரில் இருந்தது. கிழவர் பீன்ஸை இரண்டு முறை போட்டுக்கொண்டார். ராதோவான் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். வுகாஷின் வென்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

இரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லின் நின்றாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் சீனாக்காரி. வுகாஷினுக்குச் சீனச் சாமான்கள் வரவழைத்துக் கொடுப்பவள் அவள்தான். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவாள். எங்கள் மொழியில் அவளுக்கு வசப்பட்டது அது ஒன்றுதான்.

"வுகாஷின், நீ சொன்னே, பத்தொன்பது வீட்ல இருப்பேன்னு. சாஸ் கொண்டாந்தேன்," என்றாள்.

எங்கே பிசகியது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. 'பத்தொன்பதாம் தேதி வீட்லதான் இருப்போம்' என்று பேச்சுவாக்கில் போட்டுவைப்போம், வருகிறவர்கள் வருவார்கள். அந்த மாதம் முழுக்க எல்லாரிடமும் சொன்ன அதே வாக்கியத்தை வுகாஷின் கடையில் லின்னிடமும் சொல்லியிருக்கிறார். அவள் அதைச் சரக்கைக் கொண்டுவந்து கொடுக்கும் தேதி என்று எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாப்பா?" என்றான் ராதோவான். "மேசையில வெக்கக் கூடாதுன்னீங்க. சீனாவையே வாசலுக்கு வரவெச்சுட்டான்."

ஒப்ராட் துணியில் சுற்றிய ரொட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

வுகாஷின் பதறவில்லை. பெட்டியை வாங்கிப் பால்கனியில் வைத்துவிட்டு வந்தார். "ஷூவோடயே வா லின். இன்னிக்கு வாசல்ல வந்தவங்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம்," என்றார்.

வந்தவருக்கு முதலில் கோதுமை நீட்டவேண்டும். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து கிண்ணத்தில் கூம்பாக வைத்திருப்போம். தட்டில் அந்தக் கிண்ணமும், கரண்டிகளும், ஒரு கிளாஸ் தண்ணீரும் இருக்கும். சிலுவைக் குறி போட்டு ஒரே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டு, கரண்டியைத் தண்ணீரில் போட்டுவிடவேண்டும். லியுபின்கா தட்டை நீட்டினாள். லின் கிண்ணத்தையே தூக்கிக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

லியுபின்கா தண்ணீர் கிளாஸோடு அப்படியே நின்றாள். ராதோவான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்தக் கோதுமை ஒப்ராட் தன் கையால் செய்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் கொண்டுவந்தது. மனைவி கொசாரா இறந்த இந்த ஒன்பது வருஷமாக மருமகள்கள் யாரையும் அவர் அதைத் தொடவிட்டதில்லை. நான் லின்னிடம் சொல்லப்போனேன். வுகாஷின் என் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"விடுங்கக்கா. அவ ருசி பாக்கறா."

"உங்களுக்கு ரொட்டி வேணுமா வேண்டாமா?" என்று பல்லைக் கடித்தேன்.

"வேணும். அதுக்காகச் சாப்பிடறவ கையைப் பிடிக்கச் சொல்றீங்களா?"

லின் பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினாள். "இது யார் செஞ்சது?"

"நான்," என்றார் ஒப்ராட். குரல் கல் மாதிரி இருந்தது.

"நீ செஞ்சியா? நல்லா செஞ்சே." அவள் கரண்டியால் கிளறிக் காட்டினாள். "அரைச்சதும் இருக்கு, முழுசும் இருக்கு. ஏன்?"

கிழவர் கிண்ணத்துப் பக்கமாகக் குனிந்தார். "எல்லாத்தையும் அரைச்சா மாவாயிடும். அரைக்காம விட்டா பல்லுல சிக்கும். என் வீட்டுக்காரி கண்டுபிடிச்ச வழி அது."

"அப்படியாப்பா? எனக்குத் தெரியாதே," என்றான் ராதோவான்.

"நாப்பது வருஷமாத் தின்னிருக்கே," என்றார் ஒப்ராட்.

"மூணுல ஒரு பங்குதான் முழுசு," என்றார் வுகாஷின், மெதுவாக.

ஒப்ராட் திரும்பினார். "யாருடா சொன்னா? அவ அளவை என்னைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டா. உன்னையும் அந்நேரம் வால்நட் உடைக்கப் பால்கனிக்கு அனுப்பிடுவா."

"யாரும் சொல்லல. வாயில தெரியுது. அம்மா போனப்புறம் நீங்க எலுமிச்சைத் தோல் துருவிப் போடறீங்க. அம்மா போட்டதில்ல. அம்மா வால்நட்டை லேசா வறுத்துட்டுத்தான் உடைக்கக் கொடுப்பாங்க. நீங்க பச்சையாப் போடறீங்க."

லின் மறுபடி கரண்டியைக் கிண்ணத்தில் விட்டாள். ஒன்பது வருஷமாக அவர்கள் ஸ்லாவாவுக்குப் போய் நானும் அந்தக் கோதுமையை ஒரு கரண்டி எடுத்து விழுங்கியிருக்கிறேன். எனக்கு எலுமிச்சை தெரிந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"வறுப்பாளா?" என்றார் ஒப்ராட்.

"வறுப்பாங்க. வருஷத்துக்கு ஒரு கரண்டிதான் கிடைச்சுது. ஆனா நல்லாத் தெரியும்."

ஒப்ராட் ரொட்டியைத் துணியோடு தூக்கினார். ராதோவான் பாதி எழுந்தான். அவர் அவனைத் தாண்டிக் கையை நீட்டி, அதை மூத்தவர் கையில் வைத்தார். வுகாஷின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் கோதுமையையும் நீயே வேக வை," என்றார் ஒப்ராட். "ஏதோ குறையுதுன்னுதான் எலுமிச்சை போட்டேன். என்ன குறையுதுன்னு தெரியல. அவ ருசி எனக்கு மறந்துபோச்சுடா."