அசையாமல் நின்றவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்யாண போட்டோகிராபர். மாப்பிள்ளையின் அத்தைகளுக்குப் பயந்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. பேய்க்கென்று தனியாகப் பயம் மிச்சமில்லை.

அத்தனை முகங்களைப் பார்த்த அலுப்பில்தான், மனுஷனே இல்லாத ஒரு படம் எடுத்தே தீருவதென்று கிளம்பினேன். கலை! பால்பவுடர் டப்பாவில் ஊசியால் ஓர் ஓட்டை, உள்ளே போட்டோ பேப்பர், அவ்வளவுதான் கேமரா. மேட்டூர் தண்ணீர் வந்த அன்று வெண்ணாற்று மதகில், எங்கள் ஊர்ப் பேச்சில் சட்ரஸ், அதன் கம்பியில் கட்டினேன். தையில் ஆறு வற்றியதும் அவிழ்ப்பது. ஏழெட்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே படம். இதில் நடமாடுகிற எதுவும் விழாது. குளிக்கிறவர், மாடு, வாத்துக்கூட்டம் எல்லாம் கரைந்துபோகும். ஆறும், சூரியன் தினம் போன கோடுகளும்தான் மிஞ்சும். "ஆளில்லாத கல்யாணத்துக்குப் போட்டோ புடிக்கிறாரு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொன்னாள்.

அவிழ்த்து ஸ்கேன் செய்து பார்த்தால், நம்பினால் நம்புங்கள், நட்டாற்றில் ஓர் அம்மா நிற்கிறார். முழங்கால் தண்ணீரில், கையைத் தொங்கவிட்டு, கேமராவையே பார்த்தபடி. தண்ணீர் ஓடும்போது அந்த இடத்தில் ஆள் முழுகும் ஆழம். அத்தோடு, இவ்வளவு தெளிவாக விழ வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஆடாமல் நின்றிருக்க வேண்டும்.

மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் முருகையனிடம் ஓடினேன். தினமும் அங்கேயே கிடப்பவர்.

"ஒரு காக்கா கூட நிக்கலண்ணே" என்றார். கொஞ்சம் யோசித்து, "நீங்கதான் டப்பாவக் கட்டிட்டு, ஆத்தைப் பாத்து 'அசையாம நில்லுங்க'ன்னு சத்தம் போட்டீங்க. பழக்கதோஷம்னு நான்கூட சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க. கல்யாணத்துலன்னா 'ஆச்சு, போகலாம்'பீங்க. அதச் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருகையன் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் வெறும் மணலைக் கும்பிட்டு, "ஆச்சுங்கம்மா, போகலாம். கொஞ்ச நேரம் நிக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றேன். அத்தனை மாதத்தைக் கொஞ்ச நேரம் என்றதற்கே எனக்கு அறை விழுந்திருக்க வேண்டும்.

மறு வருஷமும் அதே கம்பியில் டப்பா. வாயைத் திறக்காமல் கட்டினேன். தையில் அவிழ்த்தால் ஆறு, வெளிச்சக் கோடுகள், ஆள் இல்லை. நான் ஆசைப்பட்ட அதே படம். மனைவியே ஹாலில் மாட்டினாள். நான் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அசையாமல் நிற்கிறவர்தானே இதில் விழுவார்? அந்த அம்மா போய்விட்டாரா, இல்லை அங்கேயே நடமாட ஆரம்பித்துவிட்டாரா என்று படம் சொல்லாது.