ஆடு கத்துவதற்கு முந்திய வரி

என் மகள் பாடி நான் கேட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் காலையில் தண்ணீர் விழும் சத்தத்தோடு அவள் பாட்டும் கேட்கும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, பாட்டை நிறுத்து என்று கதவைத் தட்டுவேன். இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். தட்டிய கையில் நாலு போடலாம் போலிருக்கிறது.

போன வருஷம் எங்கள் வேதக்கோயிலில் அசனப் பண்டிகை. சபையே கூடி ஆட்டுக்கறிக் குழம்பு ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். பந்திக்கு முந்தைய ஆராதனையில் அவள் தனியாகப் பாடினாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. முதல் வரி அவ்வளவு அழகாக வந்தது. அடுத்த வரியை மேலே எடுக்கும்போது குரல் உடைந்துவிட்டது. யாருக்குத்தான் உடையாது? சமாளித்துப் பாடி முடித்தாள்.

அவளோடு டியூஷன் படிக்கும் யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். குரல் உடைகிற இடத்தில் ஆடு கத்துவதைச் சேர்த்து, ‘அசனப் பானையிலிருந்து தப்பிய ஆடு’ என்று எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் விட்டுவிட்டார்கள். அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. தொண்டை வலி என்று சொல்லிப் பாடகர் குழுவுக்குப் போகாமல் இருந்தாள். நானும் பைத்தியக்காரி மாதிரி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் வெளியே வந்தது என் நாத்தனாரால். யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அவர் எந்த வீடியோவையும் ஓடவிட்டுப் பார்க்கிற ஆளில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பூரித்துப்போய்க் குடும்பக் குரூப்பில் போட்டார். “நம்ம பிள்ள பாட்டு ஊரெல்லாம் ஓடுது, கர்த்தர் அவள உயர்த்திட்டாரு” என்று பேசி வேறு அனுப்பினார். சித்தி, பெரியப்பா, துபாயில் இருக்கும் என் தம்பி வரைக்கும் வரிசையாக ஆமென், ஸ்தோத்திரம். ஒருத்தர்கூடத் திறந்து பார்க்கவில்லை. நான் திறந்தேன். நிமிர்ந்தபோது மகளும் அவள் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது வீட்டுக்குள்ளயும் வந்துட்டா?” என்றாள்.

மறுநாள் டியூஷன் வாத்தியாரிடம் போய்ச் சத்தம் போட்டேன். பிள்ளைகள் விளையாட்டு என்றார். விளையாட்டாம்! ரெண்டு வாய் சோற்றுக்கு மேல் இறங்காமல், போன் மினுங்கினாலே திடுக்கிடுகிற பிள்ளையை அவர் வந்து பார்க்கட்டும். கடைசியில் எல்லாரையும் அழிக்க வைத்தார். மாதங்கள் போகப் போக அவள் சாப்பிட்டாள், சிரிக்கவும் செய்தாள். பாட்டு மட்டும் திரும்பவில்லை.

நான் அதை அழிக்கவில்லை. அவள் குரல் என்னிடம் வேறு எதிலும் இல்லை. தினம் காதில் விழுகிற பாட்டை யார் பதிந்து வைப்பார்கள்? ஏக்கம் தாங்காதபோது அடுக்களையில் தனியாக நின்று அதைப் போடுவேன். முதல் வரி முடிந்ததும், ஆடு கத்துவதற்குள் நிறுத்திவிடுவேன்.

போன வாரம் கையெல்லாம் சப்பாத்தி மாவு. நிறுத்தப் பிந்திவிட்டது. ஆடு கத்திவிட்டது. திரும்பினால் மகள் நிற்கிறாள்.

“இத ஏம்மா வச்சிருக்க?”

“உன் பாட்டு எனக்கு வேற எங்கன இருக்குட்டி?” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் போனை எடுத்து, மாவைத் துடைத்துவிட்டு, எதையெதையோ அழுத்தினாள். திருப்பித் தந்தபோது ஆட்டை வெட்டி எடுத்திருந்தாள். முதல் வரி மட்டும் இருந்தது.

“இனிமே பயப்படாம முழுசும் கேளும்மா” என்றாள்.