ஓர் உளுந்தளவு வித்தியாசம்

புது இருநூறு ரூபாய் நோட்டுக்கும் புது நூறு ரூபாய் நோட்டுக்கும் நீளத்தில் நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நடுவில் ஓர் உளுந்தை வைத்தால் சரியாக இருக்கும். இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் அதே கதைதான். கண் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, நிறத்தைப் பார்த்தால் போதும். எனக்குப் பார்வை முழுதாகப் போய் ஏழு வருடமாகிறது. போன ஆடி மாதம் அந்த உளுந்தளவு இடுக்கில்தான் என் மானம் மாட்டிக்கொண்டு நின்றது.

நான் முப்பத்தோரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெரும்பாலும் காரைக்குடி, சிங்கம்புணரி வண்டி. கண்டக்டர் நோட்டு வைத்திருக்கும் அழகை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நீளவாக்கில் மடித்து, விரலிடுக்குக்கு ஒரு ரகம். சுண்டுவிரல் பக்கம் பத்து, அடுத்து இருபது, அதற்கடுத்து ஐம்பது, கட்டைவிரல் பக்கம் நூறு. கண் படிக்கட்டில் தொங்குகிறவன் மேல் இருக்கும், வாய் அவனைத் திட்டிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கும்.

கூட்டமில்லாத மத்தியான ட்ரிப்பில் பின்சீட்டில் உட்கார்ந்து நோட்டுகளைத்தான் வேடிக்கை பார்ப்பேன். இரண்டு ரூபாயில் விண்வெளிக்குப் போன செயற்கைக்கோள். ஐந்து ரூபாயில் உழுகிற டிராக்டர். என் அப்பா கடைசிவரை மாடு கட்டி உழுதவர். டிராக்டர்காரனுக்குத்தான் நோட்டில் இடம், ஏர் பிடித்தவனுக்கு இல்லை என்று அந்த நோட்டைக் கண்டாலே முறைப்பார். எனக்கு மட்டும் பின்பக்கத்து மொழி வரிசையில் ஒரு ஆசை. பதினைந்து மொழியில் நம்முடையது கீழிருந்து மூன்றாவது. ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோரிடமும் எரிந்து விழுகிற நான், அந்தச் சின்ன எழுத்தை மட்டும் பொறுமையாகத் தேடிப் படிப்பேன்.

கண்ணில் நீரழுத்தம் என்றார்கள். ஓரத்திலிருந்து திருடன் மாதிரி வந்தது. பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போன காலத்தில் நான் இன்னும் வேலையில்தான் இருந்தேன், பாதிப் பார்வையோடு. ஓய்வு பெற்ற பிறகு மீதியும் போய்விட்டது. புது நூறு ரூபாயை நான் பார்த்ததே இல்லை. கத்தரிப்பூ கலர் என்று வீட்டுக்காரி சொன்னாள். பின்னால் என்ன படம் என்று கேட்டேன். ஓர் ஊருணியைப் பூமிக்குள் இறக்கிக் கோயிலாகக் கட்டின மாதிரி இருக்கிறது என்றாள். வடக்கே ஏதோ ஒரு ராணி கட்டின படிக்கிணறு அது என்று மகள் பிறகு சொன்னாள். ஊருணியே எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டு வாசலிலேயே பலகாரக் கடை போட்டோம். அவள் கையில் தேன்குழலும் மணகோலமும் அப்படி வரும். சனி, ஞாயிறில் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிற கார்களெல்லாம் நம் வாசலில் நின்று போகும். அவள் எண்ணெய்ச் சட்டியில், நான் பணத்தில். கல்லாப்பெட்டி வேண்டாம் என்றுவிட்டேன். வேலையில் இருந்தபோது போட்டிருந்த பையைப் போலவே ஒரு தோல்பை தைக்கச் சொல்லி, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய பையைத் தைத்துத் தந்த அதே செருப்புத் தொழிலாளிதான் இதையும் தைத்தார். அறை பிசகாமல் அப்படியே தைத்திருந்தார்.

நோட்டை அளக்க எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். நீளவாக்கில் மடித்து, ஒரு முனையை நடுவிரல் நுனியில் வைத்து உள்ளங்கையில் படுக்கப் போடுவேன். பத்து ரூபாய் உள்ளங்கையின் நடுவைத் தாண்டாது. ஐந்நூறு மணிக்கட்டுக்குக் கிட்டத்தில் போய் நிற்கும். பழைய நோட்டுகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தன, தூக்கத்தில்கூடச் சொல்லிவிடலாம். புதுசுகள் எல்லாம் கூடப்பிறந்த பிள்ளைகள் போல. ஓரத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், நகத்தை ஓட்டினால் நூறுக்கு நாலு, ஐந்நூறுக்கு ஐந்து என்று தட்டுப்படும். நாலு சந்தை சுற்றி வந்த நோட்டில் அதுவும் மழுங்கிப்போகும். நோட்டைக் காட்டினால் போனே சொல்லும் என்று மகள் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அது யோசித்து முடிப்பதற்குள் வாங்க வந்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

ஒருமுறை சறுக்கியது உண்மை. நூறு என்று நினைத்து இருநூறைக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் போன அம்மாள் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து கொடுத்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

ஆடியில் கோயில் கூட்டம். கடை நெரிந்தது. ஆனால் மாவும் எண்ணெயும் போன வேகத்துக்குப் பணம் வரவில்லை. சாயங்காலம் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறவள் அவள். முதல் நாள் இரண்டு தடவை எண்ணினாள். இரண்டாம் நாளும் துண்டு விழுந்தது. மூன்றாம் நாள் மெதுவாகச் சொன்னாள்.

"ஐநூற எரநூறுன்னு நெனச்சு மாத்திக் குடுத்துடுறீக போல."

சண்டை போட்டேன். என் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். கத்திவிட்டு, உள்ளுக்குள் பயந்துபோனேன். கண் போனபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. கண் போனாலும் கை இருக்கிறது என்றுதானே இருந்தேன். கையும் போய்விட்டால் நான் யார்? விசிறி மட்டைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாளிலிருந்து அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு நோட்டு என் கைக்கு வந்தால் போதும், மடிப்பதற்குள் "அது எரநூறு", "அது அம்பது" என்று அங்கிருந்து வந்துவிடும். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். வாங்க வந்தவர்கள் முன்னால் எனக்கு உடம்பு கூசியது.

சிவகங்கையில் வேலை பார்க்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஸ்கேன் பண்ணினால் தொகையைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். இனி அம்மா ஒருத்தியே பார்த்துக்கொள்வாள், அப்பா உள்ளே ஃபேனுக்கடியில் நிம்மதியாக இருக்கலாம் என்று பக்குவமாகச் சொன்னாள். பஸ்ஸில் பயணியை இறக்கிவிடுவதற்குக்கூட விசில் ஊதுவோம். அதுகூட இல்லாமல் என்னை இறக்கிவிட்டார்கள். நான் சரி என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம், கடை ஓய்ந்த நேரம். ஆணியில் மாட்டப்போகிற பைதானே, பூசணம் பிடிக்காமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவ உட்கார்ந்தேன். வெளிப்பக்கம் முடித்து, உள்ளே கையை விட்டுத் துடைத்துக்கொண்டு வந்தேன். வயிற்றை ஒட்டிக் கிடக்கும் பக்கத்தில் விரல் ஓர் அறையின் வாய்க்குள் நுழைந்தது.

அந்த அறையின் கதை இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிங்கம்புணரி சந்தை நாள் நெரிசலில் எவனோ என் பையில் கைவிட்டுப் பெரிய நோட்டுகளை உருவிவிட்டான். சம்பளத்தில் பிடித்தார்கள். அதன் பிறகு வயிற்றுப் பக்கம் ஒரு கள்ள அறை தைத்துக்கொண்டேன். கூட்டம் நெரிந்தால் பெரிய நோட்டு மட்டும் அதற்குள் போய்விடும். புதுப் பையிலும் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூட்டம் கூடினால் என் கை என்னைக் கேட்காமலே அங்கே போகும் என்பதுதான் தெரியாது.

உள்ளே ஒரு கத்தை. நீளவாக்கில் மடித்து, மட்டமாக அடுக்கியிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். பணம் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஐந்நூறு மட்டும் போகவேண்டிய அறை அது; அதில் ஒரே ஒரு இருநூறு கலந்திருந்தாலும் போதும், என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். மடித்த நோட்டு ஒன்றை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வழுக்கியதில் எங்கே முடிகிறதென்று பிடிபடவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். ஒவ்வொன்றாக விரித்தாள். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

"எல்லாம் ஐநூறு," என்றாள்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். பதினேழு இருக்கு. அம்புட்டும் செங்கோட்டைப் படம் போட்டதுதான். எரநூறு ஒண்ணுகூட இல்ல."

துண்டு விழுந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, விட்டு அழுதேன். முதுகிலிருந்து மூட்டையை யாரோ இறக்கின மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்தில், அந்த நெரிசலில், கேட்க ஆளில்லாமல், பதினேழு தடவையும் என் கை சரியாகச் சொல்லியிருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பையை வாங்கி, அந்த அறைக்குள் தானும் கைவிட்டுப் பார்த்தாள்.

"தெனமும் இதக் கவுத்தவ நானு. எனக்குக் கண்ணு இருந்து என்ன பிரயோசனம்."

அந்த அறையைத் தைத்து மூடிவிடச் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம், சாயங்காலம் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மகளுக்குப் போன் போட்டு அவளே விவரத்தைச் சொன்னாள். பெட்டி இருக்கட்டும், போன் வைத்திருக்கிறவர்களுக்கு ஆகும் என்று மகள் சொன்னாளாம். இருக்கட்டும். எனக்கு அதன் மேல் கோபமில்லை, அது வாய் ஓயாமல் கத்துவதுதான் ஆகாது.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் அரைக்கிலோ சீப்புச் சீடை கேட்டார். பழசாகித் துவண்ட ஒரு நோட்டைக் கையில் வைத்தார், கோடெல்லாம் தேய்ந்திருந்தது. மடித்து உள்ளங்கையில் போட்டேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து குரல் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். முறுக்கு எண்ணெயில் விழுகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

இருநூறு. மீதியை எண்ணிக் கொடுத்தேன்.