வண்டிக்குப் பின்னால் படகு, படகுக்குப் பின்னால் மோட்டார்

படகு இழுக்கிற தொழிலில் தண்ணீருக்கு வேலையே இல்லை. கஷ்டமெல்லாம் தார் ரோட்டில்தான்.

என் வீட்டுக்காரர் குன்னூரில் மோட்டார் மெக்கானிக். சொந்தமாக ஏரி வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள் படகு ரிப்பேர் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்து, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஜீப் ஓட்டுவது நான். ரேஷன் கார்டில் இன்னும் இல்லத்தரசிதான். கான்வென்ட்டில் எனக்கு எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்தார்கள், முழங்கால் தெரியாமல் உட்காரச் சொல்லிக்கொடுத்தார்கள். பன்னிரண்டடிப் படகை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவில் திருப்ப யாரும் சொல்லித்தரவில்லை. வண்டிக்குப் பின்னால் எதையாவது கட்டி இழுத்துப் போகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. புரிந்தாலும் ஹாரன்தான் அடிப்பார்கள்.

கொக்கி தாங்குமாம்

படகின் பின்பலகையில் நாற்பது கிலோ மோட்டார் தொங்குகிறது. தண்ணீருக்குள் இறங்கும் அதன் நீளத் தண்டைத்தான் கால் என்போம்; அதை நேராகத் தொங்கவிட்டால் முதல் வேகத்தடையிலேயே நுனியிலுள்ள விசிறியோடு இடித்துக்கொள்ளும். அதனால் காலைப் பின்பக்கமாகத் தூக்கி நிறுத்துகிறோம். அது இறங்கிவிடாமல் பிடிக்க மோட்டாரிலேயே ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. ஆழமில்லாத தண்ணீரில் சற்று நேரம் நிற்பதற்கான கொக்கி அது, எங்கள் மலை ரோட்டுக்கானது இல்லை. இதை நான் சொன்னதற்கு நடுவட்டம் பக்கத்து எஸ்டேட் சூப்பர்வைசர் சிரித்தார். "கம்பெனிக்காரன் சும்மாவா வெச்சிருக்கான்?" என்று என் வீட்டுக்காரரும் அவரோடு சேர்ந்துகொண்டார். முதுகு வலித்தாலும் வாய் வலிக்காது மனுஷருக்கு.

அந்த எஸ்டேட் படகை ரிப்பேருக்கு ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குத் திரும்பும் வழியில் ஒரு பள்ளம். கொக்கி கழன்று, கால் தடாலென்று இறங்கித் தாரில் உரசியது. பின்னால் ஒரு பைக். ஒரு ஆள், மனைவி, பெட்ரோல் டேங்க் மேல் குல்லா போட்ட சின்னக் குழந்தை. பைக் சறுக்கி, ஒரு முழ தூரத்தில் நின்றது. படகின் பின்பலகையில் விரல் நீளத்துக்கு விரிசல். அந்த ஆள் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். திட்டவில்லை. இறங்கி வந்து மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இதெக் கட்டிட்டு வரமாட்டீங்களா? எங்கொழந்தெ மூஞ்சிக்கு நேரா வருதுங்க."

தலகாணி

அதற்குப் பிறகு எனக்குப் படகும் முக்கியமில்லை, மோட்டாரும் முக்கியமில்லை. கண்ணாடியில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே ஓட்டினேன். எங்கள் ரோட்டில் யாராவது பின்னால் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஆசாரியைக் கூப்பிட்டு யூகலிப்டஸில், எங்கள் ஊர்ப் பேச்சில் கற்பூர மரத்தில், ஒன்றரை அடிக் கட்டை ஒன்று அறுக்கச் சொன்னேன். அடிப்பக்கம் டிரெய்லரின் கடைசிக் குறுக்குக் கம்பியில் உட்கார வேண்டும். மேல்பக்கம் கவட்டை மாதிரி வெட்டி, மோட்டாரின் கால் அதில் படுக்க வேண்டும். அதற்கு மேல் பெல்ட் போட்டு இறுக்கினால் பாரம் டிரெய்லருக்குப் போகும், பாவப்பட்ட பின்பலகைக்குப் போகாது. இதைப் படம் போட்டு, அளவு எழுதிக் கொடுத்தேன். ஆசாரி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு முறை தப்பாக அறுத்தார். மூன்றாம் முறை சரியாக வந்தது. கவட்டையில் இரும்பு உரசாமலிருக்கப் பழைய டயர் டியூபை வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்கம்மா, மோட்டாருக்கெல்லாம் எதுக்குங்க தலகாணி?"

மரம் கடத்தினவள்

கட்டை போட்ட முதல் பயணத்திலேயே ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை; அதைத் தேடுகிறவர்கள் தேடட்டும், நியாயம். இங்கே நின்ற வனக்காவலர் படகுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கட்டையிடம் போனார். பெல்ட்டை அவிழ்த்தார், உருவினார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "மரம் எங்கிருந்து வெட்டுனது?" என்றார். ஆசாரி கடையிலிருந்து என்றேன். "அவருக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்றார். வேர் வரைக்கும் போவார் போலிருந்தது. சந்தனமா, தேக்கா, ஈட்டியா? ஊரெல்லாம் விறகாக எரிகிற கற்பூர மரம், அதுவும் ஒன்றரை அடி. பின்னால் டூரிஸ்ட் பஸ்கள் வரிசை கட்டின. நான் பெருமாள் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக் கட்டையைத் திரும்ப வாங்கினேன். சேற்றில் மண்டியிட்டு, மறுபடி பொருத்தி, பெல்ட்டை இறுக்கி முடிக்கிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்.

"கட்டை எங்க வாங்குனதுன்னு ஒரு லெட்டர் வெச்சுக்குங்க மேடம். அடுத்த தடவை டூட்டில நான் இருக்க மாட்டேன்."

படுக்க வைத்த மோட்டார்

சின்ன மோட்டாராக இருந்தால் கழற்றி வண்டிக்குள் வைத்து அனுப்புங்கள் என்று எல்லா எஸ்டேட்டுக்கும் சொல்லியிருந்தேன். நிற்கவைத்துக் கட்டி அனுப்புங்கள் என்றும் சொன்னேன்; அது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. ஒரு எஸ்டேட்டிலிருந்து மோட்டார் பிக்கப்பில் வந்தது, கேரட் மூட்டைகளுக்கு நடுவே கோணலாகப் படுத்துக்கொண்டு. ஆயில் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய், பெட்ரோல் ஒழுகி, மூன்று மூட்டை கேரட்டும் நாறியது. கொண்டுவந்தவர் அந்த எஸ்டேட்டில் மருந்தடிக்கிற பெரியவர். நான் கத்தி முடிக்கும்வரை குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரோடு மோசமுங்க. படுத்துக்கிட்டு வந்தா அதுக்கு நோவாதுன்னு நெனச்சேங்க."

ஏற்றத்தில்

போன மாதம், விரிசலை அடைத்த அதே படகை நடுவட்டத்துக்குத் திரும்பக் கொண்டுபோனோம். இறக்கிவைக்க ஆள் வேண்டுமென்று மாரிமுத்துவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். முப்பது வருஷம் லாரியில் கிளீனராக இருந்தவர். பைக்காரா தாண்டி ஒரு ஏற்றத்தில், முன்னால் ஏதோ லாரி மக்கர் பண்ணி எல்லா வண்டியும் நின்றது. பனிமூட்டம் வேறு. ஜீப் நின்றதுமே மாரிமுத்து குதித்து இறங்கிவிட்டார். மலையில் கிளீனர்கள் எல்லோரும் செய்வதுதான். வண்டி ஏற்றத்தில் நின்றால், யாரும் சொல்லாமலே பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். பத்து நிமிஷத்தில் வழி விட்டது. அவர் கட்டையை உருவிக்கொண்டு, நகர்கிற வண்டியில் ஓடிவந்து ஏறினார்.

இரண்டு வளைவு போனோம். கண்ணாடியில் பார்த்தேன். ஏற்றத்திலும் எங்களுக்குப் பின்னாலேயே நின்ற ஒரு ஸ்கூல் வேன். ஜன்னலெல்லாம் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள். அதே கண்ணாடியில் மாரிமுத்துவின் மடியும் தெரிந்தது. மடியில் கட்டை. கட்டையின் தலையில் கறுப்பு டியூப்.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது கிலோவும் கொக்கியில் நின்றது, கொக்கி பாதி கழன்று நுனியில் நின்றது. வேன்காரன் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப்போனான். பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள். எனக்குத் தெரிந்த தமிழ் வசவு தீர்ந்துபோய், கான்வென்ட் இங்கிலீஷில் மிச்சத்தைத் திட்டினேன். உனக்கு வேறு கட்டையே கிடைக்கவில்லையா என்றேன். "சீட்டுக்கடியில பாத்தேனுங்க, இல்லீங்களே" என்றார். என் வீட்டுக்காரர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சீட்டுக்கடியில் எப்போதும் கிடக்கும் சக்கரக் கட்டையை, வீட்டில் கேஸ் சிலிண்டர் ஆடுகிறதென்று முட்டுக்கொடுக்க எடுத்துப்போனது நான். சொன்னேனா? இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டினேன். மாரிமுத்து கட்டையை அதன் இடத்தில் பொருத்தி, பெல்ட்டை என்னைவிட நன்றாக இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"மோட்டாரு விழுந்தா சத்தம் கேக்குமுங்க, நிறுத்திக்கலாம். வண்டியே பின்னால உருண்டா, அந்த வேன்ல இருக்கற புள்ளைங்க எங்கீங்கம்மா போகும்?"

இப்போது ஜீப்பில் சக்கரத்துக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று இரண்டு கட்டை இருக்கிறது. கேஸ் சிலிண்டர்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.