மூன்று மணிக்குப் போட்ட பெர்மிஷன்

அந்தச் சலவை ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வருகைப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு, விபத்துப் பதிவேடு எல்லாம் அவள் மேஜைமேல் இருந்ததால் எல்லோருக்கும் அவள் ரெஜிஸ்டர் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் குழைந்தார்கள். லீவு வேண்டுமென்றால் யாரும் யாருக்கும் தங்கை ஆவார்கள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற ஆலை அது. தேய்ப்பதற்கு ஒரு பெரிய உருளை. உள்ளே ஆவி, வெளியே கொதிக்கும் இரும்பு. இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து அதற்குள் கொடுக்க வேண்டும். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் உருளை நின்றுவிடும். ஆனால் விரிப்பு மடிந்து போய் இடித்தாலும் நின்றுவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை நின்றது. மேனேஜர் பல்லைக் கடித்தார். ஒருநாள் மெக்கானிக் வந்து அந்தக் கம்பியை ஒயர் போட்டு இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம் உருளை எதற்கும் நிற்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். ரெஜிஸ்டர் அக்காவும் பார்த்தாள். அதை எழுத அவளிடம் ஒரு பதிவேடு இருந்தது. எழுதவில்லை.

உருளையில் நின்றவர்களில் மின்னல் என்பவள்தான் வேகக்காரி. கை வேகத்துக்குச் சமமாக வாயும் ஓடும். சாப்பாட்டு நேரத்தில் ரெஜிஸ்டர் அக்காவின் டப்பாவுக்குள் உரிமையோடு கைவிடுகிற ஒரே ஆள். அவளுடைய வலது கையைத்தான் ஒரு புதன்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு உருளை இழுத்துக்கொண்டது.

அலறல் கேட்டு ஓடிய ரெஜிஸ்டர் அக்காதான் சுவரிலிருந்த சிவப்புப் பட்டனை அடித்தாள். ஈர விரிப்பில் அந்தக் கையைச் சுற்றி, காரில் மடிமேல் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் மின்னல் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: "அக்கா, விரல் இருக்கா? பாத்துச் சொல்லு." "இருக்குடி, எல்லாம் இருக்கு" என்றாள் இவள். இரண்டு இல்லாமல் போயின. மீதி மூன்றும் மடங்காமல் நின்றுவிட்டன.

அன்று ஐந்து மணிக்கு மேனேஜர் ரெஜிஸ்டர் அக்காவைக் கூப்பிட்டு, நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். என்றைக்கும் இல்லாத மரியாதை.

"பாரும்மா, இன்ஸ்பெக்டர் வந்தா அந்த ஒயரப் பாப்பான். ஆலைய மூடிடுவான். எண்பது பொம்பளைங்க தெருவுல நிப்பாங்க. வைத்தியத்த நாம பாத்துக்குவோம், அவள விட்டுட மாட்டோம். நீ ஒரே ஒரு வரி எழுதினாப் போதும். மூணு மணிக்குப் பெர்மிஷன் போட்டுட்டுக் கெளம்பிட்டா. எதையோ மறந்துட்டேன்னு திரும்ப வந்து மெஷினத் தொட்டுட்டா. அவ்வளவுதான்."

"சார், அவ பெர்மிஷனே கேக்கலயே."

"அவளா வந்து ரெஜிஸ்டரப் பாக்கப் போறா?"

எண்பது பெண்களை நினைத்துத்தான் எழுதினேன் என்று பின்னாளில் அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். அது பொய். எழுதும்போது அவள் நினைத்தது ஒரே ஒரு பெண்ணைத்தான், தன்னை. கையெழுத்துகூடக் கோணவில்லை. வழக்கம்போல அழகாகவே விழுந்தது.

கம்பெனி மூன்று வாரம் வைத்தியம் பார்த்தது. அப்புறம் மேனேஜர் போனை எடுக்கவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

ரெஜிஸ்டர் அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மின்னல் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கும். போனதும் பாத்திரம் தேய்ப்பாள், துணி துவைப்பாள், மின்னலின் மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் அந்தக் கை கண்ணில் படும்.

"கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டாக்கா" என்று மின்னல் ஒருநாள் கண் கலங்கினாள். ரெஜிஸ்டர் அக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் மாதம் மின்னல் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, வாசலிலேயே ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"அக்கா, வேலை நேரத்துல அடிபட்டா கம்பெனிதான் பொறுப்பாம். நாமளே கவனமில்லாம இருந்தாக்கூட நஷ்டஈடு உண்டாம். இத்தன நாளா யாருமே சொல்லல பாரு! நான் என்னமோ அவங்க தர்மம் பண்றாங்கன்னு நெனச்சு மேனேஜரக் கும்பிட்டுட்டு இருந்தேன். இப்போ கம்பெனி என்ன பதில் போட்டிருக்கு தெரியுமா? அன்னைக்கு நான் மூணு மணிக்கே பெர்மிஷன்ல போயிட்டேனாம். நான் எப்போக்கா கேட்டேன்?"

இவள் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மின்னலே தொடர்ந்தாள்:

"உனக்குத் தெரியாம எவனோ ரெஜிஸ்டர்ல கை வச்சிருக்கான். அப்புறமா நீ லீவு போட்ட ஒருநாள் எழுதியிருப்பான். நீ வந்து சொல்லுவல்ல?"

தப்பிக்க வழியை மின்னலே திறந்து வைத்துவிட்டாள். அதற்குள் நுழைந்துகொள்ள ஒரு தலையாட்டல் போதும். ரெஜிஸ்டர் அக்கா தலையாட்டவும் செய்தாள். அன்றைக்குப் பாத்திரம் தேய்க்காமலே திரும்பினாள்.

ஒரு வாரம் கழித்து வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பஸ் டிரைவர், அதிகம் பேசாதவன். கேட்டுவிட்டு, "உண்மையச் சொன்னா வேலை போயிடும்" என்றான். அவள் தட்டைப் பார்த்து, "சொல்லலைன்னா நீ போயிடுவ போலிருக்கே. ஒரு வாரமா சோத்தப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்க" என்றான்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு மின்னலிடம் போனாள். சுற்றி வளைக்கவில்லை.

"எவனும் எழுதலடி. நான்தான் எழுதினேன். உன்ன ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்து, அதே கையால எழுதினேன்."

மின்னல் திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். மின்னல் மூலையில் கவிழ்த்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு, "அப்போ இந்தப் பாத்திரமெல்லாம் அதுக்காகத்தானா?" என்றாள். இவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

"இனிமே பாத்திரம் தேய்க்க வராத. வக்கீலம்மாகிட்டப் போயிச் சொல்லு."

இழப்பீட்டு அலுவலக விசாரணை அறையில் ஃபேன் கிறீச்சிட்டது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். ரெஜிஸ்டர் அக்கா ஒயர் கட்டியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அப்போ நீங்க பதிவேட்டுல பொய் எழுதுற ஆளு?"

"எழுதினேன் சார்."

"பொய் எழுதினவங்க இப்போ சொல்றத மட்டும் எப்படி நம்புறது?"

"அன்னைக்கு அப்படி எழுதினதால எனக்கு வேலை நிலைச்சுது. இன்னைக்கு இதச் சொல்றதால வேலை போகப்போகுது. எத நம்பணும்னு நீங்களே பாருங்க சார்."

அதிகாரி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த நேரமும், கூட வேலை பார்த்த பெண்ணின் சாட்சியும் அதோடு பொருந்தின. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. விபத்து வேலை நேரத்தில்தான் நடந்தது, இழப்பீடும் வைத்தியச் செலவும் கம்பெனியின் பொறுப்பு. ஆலையை யாரும் மூடவில்லை. ஒயரை அறுத்தார்கள். உருளை பழையபடி ஒரு நாளைக்கு இருபது தடவை நின்றது, எண்பது பெண்களும் வேலைக்குப் போனார்கள். அதைக் கேள்விப்பட்டபோதுதான் ரெஜிஸ்டர் அக்கா விம்மி விம்மி அழுதாள். இவ்வளவுதானா? இதற்காகவா எழுதினேன்?

உத்தரவு வந்த அன்று அலுவலகப் படிக்கட்டில் மின்னல் எதிர்ப்பட்டாள். "உனக்கு நன்றி சொல்லணும்னு வக்கீலம்மா சொல்றாங்க. எனக்கு வாய் வரல. எனக்கு வரவேண்டியதுதானே வந்திருக்கு" என்றாள். இவள் "சரிதான்டி" என்றாள். மின்னல் இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ரெஜிஸ்டர் அக்காவை ஆலை அதற்கு முன்பே வெளியே அனுப்பியிருந்தது. இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் எழுதித் தருகிறாள். போன மாதம் ஆலையிலிருந்து ஒரு பெண் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாள். ஆவிக் குழாய் வெடித்துப் பாதம் வெந்திருந்தது.

"கம்பெனிக்கு லெட்டர் எழுதணும்கா. மின்னலக்காதான் அனுப்பினாங்க. ரெஜிஸ்டர்ல என்னென்ன திருட்டுத்தனம் பண்ணுவாங்கன்னு அவளுக்குத்தான் தெரியும், அவகிட்டயே போன்னு சொன்னாங்க."

அது குத்தலா, நம்பிக்கையா என்று ரெஜிஸ்டர் அக்காவுக்குப் பிடிபடவில்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எத்தன மணிக்கு அடிபட்டுச்சு? சரியான நேரத்தச் சொல்லு. மொதல்ல அதத்தான் எழுதணும்."